லித்தியமும் அக்காவின் பத்தியமும்

நான் திண்டுக்கல்லில் கல்யாணப் பெண்களுக்கு ஆரி வேலை ப்ளவுஸ் போட்டுக் கொடுப்பவள். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, முனையில் கொக்கி வைத்த ஊசியால் ஜரிகையையும் மணியையும் ஒவ்வொன்றாக இறக்குகிற வேலை. கண் மங்கினால் கண்ணாடி போட்டுச் சமாளிக்கலாம். இடுப்பு வலித்தால் தலையணை வைத்துக்கொள்ளலாம். கை மட்டும் நடுங்கக் கூடாது. டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைக்கோ கை நடுக்கம்தான் முதல் பக்கவிளைவு. ஆண்டவன் விளையாடுவதற்கு ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

எனக்கு இருப்பது மேலே ஏறிக் கீழே விழுகிற நோய். இருமுனைக் கோளாறு என்று தமிழில் எழுதுகிறார்கள். எங்கள் தெருவில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது, அதை நான் எழுதப்போவதில்லை. கீழே கிடக்கிற காலம் யாருக்கும் புரியும். குளிக்கப் பிடிக்காது, சோறு இறங்காது, சட்டத்தில் கட்டிய துணி தூசி படிந்து கிடக்கும். மேலே ஏறுகிற காலம்தான் மோசடி. அப்போது நம்மைத் தவிர ஊரில் எல்லாருக்கும் நோய் பிடித்த மாதிரி தெரியும். எனக்குத் தூக்கம் வேண்டாம், பசி வேண்டாம். கண்ணை மூடினால் டிசைன், திறந்தால் டிசைன். கடையில் வேலை பார்க்கும் பெண்கள் இருவரும், "அக்கா, செத்த நேரம் உக்காருங்கக்கா" என்று கெஞ்சியபோது சோம்பேறிகள் என்று அவர்களைத் திட்டினேன். என் வீட்டுக்காரர் நிதானமாகப் பேசுகிறவர். அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் நாலு வாக்கியம் பேசி அதற்குப் பதிலும் சொல்லியிருப்பேன்.

அந்த வேகத்தில்தான் பட்டுப்புடவை விவகாரம் நடந்தது. கன்னிவாடியிலிருந்து ஓர் அம்மா தன் மகளின் முகூர்த்தப் புடவையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நிறத்துக்கு ஏற்ற மணி பொருத்திப் பார்ப்பதற்காக. முந்தானையில் இரண்டு மயில்கள். அந்த மயில்கள் ப்ளவுஸின் முதுகில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் திடீரென்று ஒரு ஞானோதயம். கத்திரிக்கோலை எடுத்தேன், வெட்டினேன். முகூர்த்தப் பட்டின் முந்தானையை! கை துளிக்கூட நடுங்கவில்லை. வெட்டு அவ்வளவு சுத்தம். பிறகு பார்த்தவர்கள் அதை மட்டும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த அம்மா வந்து பார்த்துவிட்டுக் கடைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானோ அவருக்கு மயிலின் அழகை விளக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் வேறு பட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் என் செருப்பை எடுத்துக் காலருகே வைத்தார்.

"வா, போவோம்."

"எங்க?"

"டாக்டர்கிட்ட."

டாக்டருக்கு என் புது டிசைனைக் காட்டத்தான் போகிறோம் என்று நான் சந்தோஷமாக ஆட்டோவில் ஏறினேன்.

டாக்டர் என்னைவிட வயதில் சிறிய பெண். நான் பேசியதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார், அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. முதலில் வேகத்தை இறக்குகிற ஒரு மாத்திரை கொடுத்தார். அது வேகத்தை இறக்கியது, கூடவே என் கண்ணிமையையும் இறக்கியது. தூங்குகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பசி. சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அடுத்த வேளை பசித்தது. தையல்காரி என்பதில் ஒரு வசதி, என் ப்ளவுஸ்களின் உள்தையலை நானே பிரித்துப் பிரித்து அகலமாக்கிக்கொண்டேன். பிரிக்கத் தையல் தீர்ந்தபிறகு நைட்டிக்கு மாறினேன்.

அடுத்த முறை போனபோது கூடவே லித்தியமும் ஆரம்பித்தார். வேகம் அடங்கியதும் முதல் மாத்திரையை மெல்லக் குறைத்துவிடலாம், லித்தியம் மட்டும் நீண்ட நாள் துணை என்றார்.

"இது உள்ள போயி என்ன பண்ணும்?" என்று கேட்டேன்.

"மூளையில செல்லுக்குள்ள நடக்குற சில வேலைகள நிதானப்படுத்தும். மேல ஏறுறதையும் தடுக்கும், கீழ விழுறதையும் ஓரளவு தடுக்கும். எப்படிங்கறத இன்னும் முழுசாக் கண்டுபிடிக்கல."

"அப்ப உங்களுக்கும் தெரியாதா?"

"முழுசாத் தெரியாது. ஆனா எவ்வளவு இருந்தா வேலை செய்யும், எவ்வளவுக்கு மேல போனா விஷம்னு நல்லாத் தெரியும். ரெண்டுக்கும் நடுவுல இடம் ரொம்பக் கொஞ்சம். அதான் அப்பப்ப ரத்தத்துல அளவு பாக்கணும்ங்கறேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் பக்கவிளைவுகளையும் ஒளிக்காமல் சொன்னார். தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், வாயில் தகரம் கடித்த மாதிரி ருசி இருக்கும், கை லேசாக நடுங்கும், நாள்பட்டால் தைராய்டையும் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும், மூட்டுவலிக்கு மெடிக்கலில் நாமாக மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. கடைசியாக என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "உப்பும் தண்ணியும் எப்பவும் எவ்வளவோ அவ்வளவுதான். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். அதுல கவனமா இருங்க." நான் அப்போது பாதித் தூக்கத்தில் இருந்தேன். வீட்டுக்காரர் தலையாட்டினார்.

சேதி தெரிந்து அடுத்த பஸ்ஸில் என் அக்கா வந்து இறங்கினாள். அவள் குஜிலியம்பாறைப் பக்கம் வாக்கப்பட்டவள். மானாவாரிக் காடு. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் ஆடு. ஆட்டை மாமாவிடம் ஒப்படைத்துவிட்டு, என்னைத் தேற்றாமல் ஊர் திரும்புவதில்லை என்று இரண்டு பைகளோடு வந்தாள். அவளுக்கும் ஓர் அவசரம் இருந்தது. அவளுடைய ஒரே மகளுக்கு ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை வீடு ஒட்டன்சத்திரம். "கல்யாண ப்ளவுஸ் சித்தி கையாலதான்" என்று அந்தப் பெண் மூக்கொழுகிய காலத்திலேயே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கல்யாணப் புடவைகூட எடுத்து என் கடை பீரோவில் வைத்தாயிற்று. ஆவணிக்குள் என் கை ஊசி பிடிக்க வேண்டும். அக்காவுக்கும் எனக்கும் வேறு கவலை இல்லை.

"டாக்டரு என்ன சொன்னாக?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் யோசித்துப் பார்த்து, "உப்பு விஷயத்துல ரொம்பக் கவனமா இருக்கணும்னாங்க மதினி" என்றார்.

அவ்வளவு போதும். உப்பைப் பற்றி ஒரு டாக்டர் வாயைத் திறந்தால் குறைக்கத்தானே சொல்வார்? இந்த ஊரில் எந்த டாக்டராவது உப்பைப் போட்டுச் சாப்பிடு என்று சொல்லி யாராவது கேட்டிருக்கிறார்களா? தவிரவும் எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பத்தியம் உண்டு. பிள்ளை பெற்றால் பத்தியம், மஞ்சள்காமாலைக்குப் பத்தியம், நாய் கடித்தால் பத்தியம். பத்தியம் இல்லாத மருந்தை அக்கா மருந்தென்றே ஒப்புக்கொள்ள மாட்டாள், அது மிட்டாய். மனசையே பிடித்து நிறுத்துகிற மருந்து என்றால் அதற்கு எம்புட்டுப் பெரிய பத்தியம் இருக்க வேண்டும்!

"மருந்து பாதி, பத்தியம் பாதிடி" என்று சொல்லி உப்பு ஜாடியை எடுத்துப் பரண்மேல் வைத்தாள்.

உப்பில்லாத இட்லி. உப்பில்லாத பருப்புச் சோறு. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்று அவித்த புடலங்காய். புளி கிடையாது, மீன் கிடையாது, ஊறுகாயை நினைக்கவே கூடாது. வீட்டுக்காரர் ஆயக்குடிக் கொய்யா வாங்கி வந்தார், அதையும் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொடாமல் கொடுத்தாள். ஏற்கெனவே வாயில் தகர ருசி. அதன்மேல் இந்தச் சாப்பாடு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், அக்கா சமையலில் அது என் வயிற்றிலே. சித்திரை வெயிலில் எனக்குத் தாகம் வேறு. செம்பைத் தூக்கினால், "மடக்கு மடக்குன்னு குடிக்காதடி, மருந்து நீர்த்துப் போகும்" என்று பிடுங்கிவைத்துவிட்டு, நாக்கு நனைகிற அளவுக்கு ஊற்றித் தருவாள்.

என்னைப் போன்ற வாயாடி இதை எப்படிப் பொறுத்துக்கொண்டேன் என்று கடைப் பெண்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். பாதிக்குக் காரணம் மருந்தின் மந்தம். மீதிக்குக் காரணம், அக்காவும் அதையேதான் சாப்பிட்டாள். காட்டில் வேலை செய்து, காரமும் புளியுமாகத் தின்று வளர்ந்தவள், என் எதிரில் உட்கார்ந்து உப்பில்லாத பருப்புச் சோற்றை ருசித்துச் சாப்பிடுவதுபோல நடித்தாள். அதற்குமேல் நான் எந்த வாயால் சண்டை போடுவது?

கொஞ்ச நாளில் எனக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. "கழிவு போகுதுடி, மருந்து கேக்குது" என்று அக்கா மகிழ்ந்தாள். பிறகு வாந்தி. அதன்பிறகு, லேசாக இருந்த நடுக்கம் டம்ளரைப் பிடித்தால் பல்லில் இடிக்கிற அளவுக்குப் போயிற்று. ஒருநாள் மத்தியானம் படுக்கையிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போக நான் நடந்த நடையைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன்கூட அதைவிட நேராக நடப்பான். "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கே புரியவில்லை, நாக்கு குழறியது. நிதானமான மனுஷன் அன்றைக்கு ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார்.

டாக்டர் பார்த்தவுடனே லித்தியத்தை நிறுத்தச் சொல்லி, ரத்தம் எடுக்க அனுப்பி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது கட்டிலருகே வந்து, "வீட்டுல என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

அக்கா முன்னால் வந்தாள். தான் செய்த வேலையைச் சொல்லிப் பேர் வாங்குகிற நேரம் வந்துவிட்டது என்ற முகம். "உப்பில்லாம புளியில்லாம சுத்தமான பத்தியம் டாக்டரம்மா. தண்ணிகூட அளந்துதான் குடுத்தேன். ஒரு கல்லு உப்பு படல."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். அதட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரவைத்தார்.

"லித்தியமே ஒரு உப்பு மாதிரிதாங்க. உடம்புல உப்பு குறைஞ்சா, சிறுநீரகம் பயந்துபோயி இருக்குற உப்ப வெளிய விடாமப் பிடிச்சு வைக்கும். அப்ப இந்த லித்தியத்தையும் சேத்துப் பிடிச்சு வச்சுக்கும். தண்ணியும் குறைஞ்சா கேக்கவே வேணாம். நீங்க குடுத்த மாத்திரை அதே அளவுதான், ஆனா உள்ள தங்குறது ஏறிக்கிட்டே போயிருக்கு."

அக்கா டிரிப்ஸ் ஏறுகிற என் கையைப் பார்த்தாள். பிறகு, "அப்ப நாந்தான் எந்தங்கச்சிக்கு வெசம் வச்சேனா?" என்றாள்.

"இல்லைங்க. சமைக்கிறவங்களக் கூப்பிட்டு நானே சொல்லியிருக்கணும்."

டாக்டர் என்ன சொல்லியும் அக்காவின் காதில் ஏறவில்லை. நான் எழுந்து நடமாடியதும் ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது பரணிலிருந்து உப்பு ஜாடியை இறக்கி, துடைத்து, அடுப்பருகே வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை. போன் செய்தால் ஆட்டைப் பற்றிப் பேசினாள். மாப்பிள்ளை வீட்டார் என்னை விசாரித்தபோது எனக்குத் தைராய்டு என்று சொல்லிவைத்திருப்பதாக அக்கா மகள் வாயிலாகத் தெரிந்தது. கல்யாணத்தில் எந்தச் சிக்கலும் வரக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பாள், எனக்கு அது புரிந்தது. ஆனாலும் வலித்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் லித்தியத்தின் புண்ணியத்தில் என் தைராய்டு நிஜமாகவே கொஞ்சம் மந்தம் என்று வந்து, அதற்கும் ஒரு மாத்திரை சேர்ந்தது. என் அக்கா வாயில் பொய் வராது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

லித்தியத்தைக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை உப்போடும் தண்ணீரோடும் அது ஒழுங்காக நடந்துகொண்டது. மனசு சமதரையில் நின்றது. நான் மறுபடி நானானேன், அதாவது கோபமும் வாயும் திரும்பி வந்தன. மெல்லிய நடுக்கம் மட்டும் போகவில்லை. சோறு தின்னலாம், ஸ்கூட்டி ஓட்டலாம், வெங்காயம் நறுக்கலாம். சட்டத்தின்முன் உட்கார்ந்து மணியைக் கோத்தால் ஊசி பக்கத்து இழையில் இறங்கியது. பிரித்துப் போட்டாலும் அதே கதை. ஆனி பிறந்துவிட்டது.

டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். நடுக்கத்தைக் குறைக்க ஒரு மாத்திரை இருக்கிறது, ஆனால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு, அந்த மாத்திரை அதைக் கிளப்பிவிடும் என்றார். வேறு மருந்துக்கு மாறலாம், ஒன்றில் எடை ஏறும், முடி கொட்டலாம், கையும் நடுங்கலாம், இன்னொன்றை மெல்ல மெல்லத்தான் ஏற்ற முடியும், ஆவணிக்குள் நடக்காது என்றார்.

"அப்ப ஆவணி வரைக்கும் நிறுத்திட்டு, கல்யாணம் முடிஞ்சு மறுபடி போட்டுக்கறேனே?"

"உங்களுக்கு நல்லா ஒத்துப்போற மருந்து இது. திடீர்னு நிறுத்தினா மறுபடி மேல ஏற நிறைய வாய்ப்பு இருக்கு. எந்த நாள்னு என்னால சொல்ல முடியாது. முகூர்த்த நாளாக்கூட இருக்கலாம்."

விருட்டென்று எழுந்து வந்துவிட்டேன். கடைக்குப் போய், பெண்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அக்கா மகளின் புடவையை பீரோவிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தேன். அரக்கில் பச்சைக் கரை. முந்தானை நிறைய அன்னம். பக்கத்திலேயே கத்திரிக்கோல் கிடந்தது. மாத்திரையை நிறுத்தினால் இந்தக் கை நேராக நிற்கும். ஊசி சொன்ன இடத்தில் இறங்கும். அன்னங்களும் எனக்கு மயில்களைப் போலவே பேச ஆரம்பிக்கும். நடுங்குகிற கையால் நான் ஒரு மணியைத்தான் தவறவிடுவேன். நடுங்காத கையால் ஒரு முகூர்த்தப் பட்டையே வெட்டியிருக்கிறேன். புடவையை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியைக் கடைப் பெண்களில் மூத்தவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மாத்திரையைப் போட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். அப்புறம் நன்றாக அழுதேன். கை பழகிய வேலை போய்விட்டது என்றால் யாருக்குத்தான் அழுகை வராது?

அன்று சாயந்திரமே அக்காவுக்குப் போன் போட்டேன். "உன் மகளுக்கு என்னால போட முடியாதுக்கா. மாத்திரைய விட்டாத்தான் கை நிக்கும். விட மாட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் அவள் ஆட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது.

கடைசியில், "சாப்டியா?" என்றாள்.

"சாப்ட்டேன்."

"உப்புப் போட்டா?"

"போட்டுத்தான்."

"சரி, வையி" என்றாள். அவளுக்குக் கோபமா வருத்தமா என்று தெரியாமலே ஆவணி வரை இருந்தேன்.

டிசைனை மட்டும் நான் வரைந்தேன். வரைகிற கோடு ஆடினால் அழித்து மறுபடி போடலாம், பென்சில் பொறுத்துக்கொள்ளும். ஊசி வேலையைக் கடைப் பெண்கள் இருவரும் எடுத்துச் செய்தார்கள். நான் அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று, இழையைத் தளர்த்து, மணியை நெருக்கு என்று கத்திக் கத்தி அவர்கள் உயிரை வாங்கினேன். ஒரு மணிகூட என் கையால் இறங்கவில்லை.

கல்யாணம் ஒட்டன்சத்திரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். அக்கா எனக்கு எதிர் வரிசையில், அவளை அடுத்துச் சம்பந்தியம்மா. மாப்பிள்ளையோடு மண்டபத்தைச் சுற்றி வந்த பெண்ணைச் சம்பந்தியம்மா நிறுத்தி, முதுகைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க சம்மந்தி, வேலை அம்புட்டு நேர்த்தியா இருக்குதுங்க. உங்க தங்கச்சி கையாலயே போட்டதுங்களா?"

ஆமாம் என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எனக்கும் பெருமை, அவளுக்கும் பெருமை. நான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தேன்.

"இல்லைங்க. வரைஞ்சது அவ. போட்டது அவ கடைப் புள்ளைக."

"அவங்களே போட்டிருக்கலாமுங்களே?"

தைராய்டு வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பந்தியில் பக்கத்து இலைக்காரர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அவளுக்கு மனசுக்கு மாத்திரை ஓடுதுங்க. அதுல கை நடுங்கும். மாத்திரைய விட்டா கை நிக்கும், ஆளு நிக்க மாட்டா. எங்களுக்கு ஆளுதாங்க வேணும்."

சம்பந்தியம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். "அது சரிங்க, ஆளுதானுங்களே முக்கியம்" என்று சொல்லிவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என் இலையைக் காட்டி, "அங்க இன்னும் பாயசம் வைக்கலீங்களே" என்றார்.

நான் தண்ணீர் டம்ளரை எடுத்தேன். கை ஆடி, இலையில் கொஞ்சம் சிந்தியது. அன்றைக்கு அதை மறைக்க எனக்குத் தோன்றவில்லை.